யாரிடம் பேசுகிறார் வக்கீல்?

2023 செப்டம்பர் 22ஆம் தேதி. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வின் முன் காணொலி விசாரணை நடந்துகொண்டிருந்தது. பெங்களூரைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் சாரா சன்னி அதில் பங்கேற்க வந்திருந்தார். அவருக்குக் காது கேட்காது. நீதிமன்றத்தில் பேசப்படுவதைச் சைகை மொழியில் அவருக்குச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் தயாராக இருந்தார். ஆனால் திரையில் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சிறு கட்டம் ஒதுக்கக் காணொலிக் கட்டுப்பாட்டு அறை முதலில் இசையவில்லை. சாராவுடன் இருந்த வழக்கறிஞர் சஞ்சிதா அயின் விஷயத்தை எடுத்துச் சென்ற பிறகு தலைமை நீதிபதி அனுமதி தந்தார். அடுத்த மாதம் நீதிமன்றமே சாராவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தது.

சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, கறுப்பு அங்கி அணிந்த ஒருவருக்கே உச்ச நீதிமன்றத்தில் ஒரு கட்டம் கிடைக்க இத்தனை பேச்சு வேண்டியிருந்தது. அப்படியானால் ஒரு மாவட்டத் தலைநகரில், நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே உள்ள மாடி அறையில், குமாஸ்தாவின் மேஜைக்கு முன் நிற்கும் காது கேளாத கட்சிக்காரரின் கதி என்ன?

அங்கே அவரை வரவேற்கும் முதல் கேள்வி அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "கூட யாரும் வரலையா?" கூட வந்தவர் அண்ணனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். அந்த நிமிடத்திலிருந்து வக்கீலின் முகம் அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. வேலை போனது யாருக்கு, அவமானப்பட்டது யார், வழக்கு யாருடையது என்பதெல்லாம் பின்னால் போய்விடுகிறது. பார்வையற்றவர் வந்தாலும் இதே கதைதான். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் "இவர் என்ன படிச்சிருக்காரு?" என்று கூட வந்தவரிடம்தான் கேட்பார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்குச் சற்று மேல். செவித்திறன் குறைபாடு உள்ளவர்களும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று சொல்ல முடியாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2016இல் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு வேலையில் 3 சதவீதமாக இருந்த இட ஒதுக்கீடு 4 சதவீதமாயிற்று. பாகுபாடு காட்டுவது சட்டமீறல். தேவைப்படும் நியாயமான வசதியைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்று அந்தச் சட்டமே வரையறுக்கிறது. குறை சட்டப் புத்தகத்தில் இல்லை. அந்தப் புத்தகத்தைப் பிரித்து, சரியான பக்கத்தைக் காட்டி, சரியான இடத்தில் வாதாடும் ஆள் கிடைப்பதில்தான் இருக்கிறது.

வக்கீலைத் தேடுவது எல்லோருக்குமே சிரமமான காரியம். இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே யார் எதில் கெட்டிக்காரர் என்பது வாய்வழியாகத்தான் பரவும். டீக்கடையிலும் அலுவலக வராந்தாவிலும் காதில் விழும் இந்தத் தகவல் காது கேளாதவரை எட்டுவதில்லை. நீதிமன்ற வாசலில் தொங்கும் பெயர்ப் பலகைகளைப் பார்வையற்றவர் படிக்க முடியாது. கடைசியில் இருவருமே குடும்பத்தார் காட்டும் வக்கீலிடம் போகிறார்கள். அவர் நிலத் தகராறு பார்ப்பவராக இருப்பார், அல்லது விபத்து இழப்பீடு வாங்கித் தருபவராக இருப்பார். நல்லவராகவும் இருப்பார். ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

சரியான வக்கீலை அடையாளம் காணும் முதல் சோதனை அவருடைய அறையிலேயே நடந்துவிடுகிறது. அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார்?

காது கேளாதவருக்கு இது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல, வழக்கின் உயிரும் இதில் இருக்கிறது. "எழுதிக் காட்டினால் போச்சு" என்று பலர் நினைக்கிறார்கள். சிறு வயதிலிருந்து சைகை மொழியிலேயே வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழோ ஆங்கிலமோ இரண்டாவது மொழி. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழ் வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் கையால் காட்டுவது அல்ல அது. டெல்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. வக்கீல் எழுதிய பிரமாண வாக்குமூலத்தைப் புரியாமல் தலையாட்டிக் கையெழுத்திட்டுவிட்டு, குறுக்கு விசாரணையில் அதற்கு மாறாகச் சொல்லி வழக்கை இழப்பது எளிது. பொய் சொன்னார் என்றுதான் பதிவாகும். புரியவில்லை என்று பதிவாகாது.

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை. பல எழுத்துகள் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். "பணம்", "மணம்" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். மீசை, முகக்கவசம், மேஜை மீது குனிந்தபடி பேசும் பழக்கம் எல்லாம் சேர்ந்தால் பாதிக்கு மேல் ஊகம்தான்.

குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வதில் ஆபத்து இன்னும் அதிகம். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. பத்து நிமிடம் பேசியதை "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று இரண்டு சொல்லில் முடிப்பது வீட்டுப் பழக்கம். அலுவலகத்தில் மேலதிகாரி செய்த கேலியை, பெண்ணாக இருந்தால் நேர்ந்த தொல்லையை, அப்பா முன்னிலையில் சைகையில் சொல்ல யாருக்கு வரும்? சொத்துத் தகராறு என்றால் மொழிபெயர்க்கும் அண்ணனே எதிர்த் தரப்பாகவும் இருப்பார். விவரம் தெரிந்த வக்கீல் முதல் சந்திப்புக்கே வெளி மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்பார். ஆள் கிடைக்காத ஊரில் வீடியோ அழைப்பில் ஒருவரைப் பிடிப்பார். வழக்கமான நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குவார். மொழிபெயர்ப்பாளரிடம் "அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லாமல், கட்சிக்காரரைப் பார்த்தே "என்ன நடந்தது?" என்று கேட்பார். விசாரணை நீண்டால் ஒரே மொழிபெயர்ப்பாளர் தாக்குப்பிடிக்க மாட்டார், இரண்டு பேர் மாறி மாறிச் செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதற்கெல்லாம் யார் செலவு செய்வது? 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. மாற்றுத் திறனாளிகள் தாங்கள் விரும்பும் மொழியிலும் தொடர்பு முறையிலும் சாட்சியமும் வாதமும் பதிவு செய்யத் தேவையான வசதிகளை அரசு செய்துதர வேண்டும் என்கிறது அது. ஆகவே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மனுப் போட்டுக் கேட்பது சலுகை கேட்பதாகாது. அந்த மனுவைப் போடத் தெரியாத, அல்லது "ஜட்ஜ் எரிச்சல் படுவாரு" என்று தயங்கும் வக்கீலை வைத்துக்கொண்டு மேலே போவதில் பயனில்லை. வக்கீல் அறையில் நடக்கும் ஆலோசனைக்கு ஆகும் மொழிபெயர்ப்புச் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் முதல் நாளே பேசி முடித்துவிடுவது நல்லது.

வாய்தா மாறினால் எப்படித் தகவல் வரும் என்பதையும் அன்றே கேட்டுவிட வேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் குமாஸ்தா போன் செய்து அப்பாவிடம் சொல்லும் வழக்கம், காது கேளாதவரை அவருடைய வழக்குக்கே அந்நியராக்குகிறது. குறுஞ்செய்தி அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. அதோடு, ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் உண்டு. அதை வாங்கி வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதி என்ன, கடைசி உத்தரவு என்ன என்று கட்சிக்காரரே பார்த்துக்கொள்ளலாம்.

பார்வையற்ற கட்சிக்காரருக்குச் சிக்கல் தாளில் இருக்கிறது. வக்காலத்து, பிரமாண வாக்குமூலம், சமரச ஒப்பந்தம் என்று அடுத்தடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். "எல்லாம் வழக்கமான பாரம்தான்" என்பார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவரிடம்கூட மைப்பெட்டியை நீட்டிக் கட்டைவிரல் ரேகை கேட்பார்கள். சரியான வக்கீலுக்கு இங்கே இரண்டு கடமைகள். முதலாவது, ஒவ்வொரு தாளையும் முழுதாகப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. இரண்டாவது, அதையே கணினி எழுத்தாக அனுப்பிவைக்க வேண்டும். தாளை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால், திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது பெரும்பாலும் வெறும் படம்தான், எழுத்து அல்ல. தட்டச்சு செய்த கோப்பையே அனுப்பினால் அந்த மென்பொருள் வரிக்கு வரி படித்துவிடும். கோப்பு வக்கீலின் கணினியிலேயே இருக்கிறது. அனுப்ப மனம்தான் வேண்டும்.

அறையின் சோதனையில் தேறியவருக்கு அடுத்த சோதனை: எந்தக் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரியுமா?

பாகுபாட்டு வழக்குகளில் பல தோற்பது நியாயம் இல்லாததால் அல்ல, தவறான இடத்தில் தவறான நேரத்தில் போய் நிற்பதால். அரசு அலுவலகம் ஒன்றில் நடந்த பாகுபாடு என்றால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அங்கேயே ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவரிடம் பதிவான புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அடுத்து, மத்திய அரசு சம்பந்தப்பட்டது என்றால் டெல்லியில் உள்ள மாற்றுத் திறனாளிகளுக்கான தலைமை ஆணையர். மாநில அரசு என்றால் அந்தந்த மாநில ஆணையர். அங்கே வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம். விசாரணையில் சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் ஆணையருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆனால் அவர் கடைசியில் தருவது பரிந்துரை. அதைப் பெற்ற அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். பதவி உயர்வு மறுப்பு, இடமாற்றம், அலுவலகத்தில் வசதி செய்து தராதது போன்றவற்றுக்கு இது செலவில்லாத, நல்ல வழி.

பத்து நாளில் தேர்வு, சொல்வதை எழுதும் உதவியாளரைத் தர மறுக்கிறார்கள் என்றால் அந்த வழி உதவாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டு இடைக்கால உத்தரவு வாங்க வேண்டும். அதே ஆள் மத்திய அரசு ஊழியராக இருந்து பணி தொடர்பான வழக்கு என்றால், முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே பொதுவாக ஓராண்டுக் கெடு. பணியில் இருக்கும்போது பார்வையோ செவித்திறனோ போனால், அந்தக் காரணத்துக்காக அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. பார்த்துவந்த வேலைக்கு இனிப் பொருந்தமாட்டார் என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். இது தெரியாமல் "விருப்ப ஓய்வு" தாளில் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு வக்கீலைத் தேடி வருபவர்கள் உண்டு.

வங்கிக் கதை வேறு. பார்வையற்றவர் என்பதற்காகக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, லாக்கர், இணைய வங்கி வசதி எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இன்றும் ஏதோ ஒரு கிளையில் "சாட்சிக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால், அந்தச் சுற்றறிக்கையை இணைத்து எழுதிய ஒரு கடிதமே பல நேரம் போதும். போதாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அங்கே இரண்டாண்டுக் கெடு. எடுத்த எடுப்பில் உயர் நீதிமன்றம் என்று சொல்லும் வக்கீலைவிட, "இதுக்கு நான் தேவையில்லை, இப்படி ஒரு கடிதம் எழுதுங்க" என்று சொல்பவர் நம்பத் தகுந்தவர்.

தனியார் நிறுவனம் என்றால் பாதை கரடுமுரடானது. அரசுக்கு எதிராகப் போடுவதுபோல ரிட் மனுவை அங்கே எளிதில் போட முடியாது. ஆனால் எல்லா நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நிறுவனம் அதைச் செய்திருக்கிறதா என்று கேட்பதே ஒரு நல்ல தொடக்கம். பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தியிருந்தால் 92ஆம் பிரிவு இருக்கிறது: ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. இவற்றை விசாரிக்க மாவட்டந்தோறும் ஒரு செஷன்ஸ் நீதிமன்றத்தைச் சிறப்பு நீதிமன்றமாகக் குறிப்பிட வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. தன் மாவட்டத்தில் அது எந்த நீதிமன்றம் என்று வக்கீலைக் கேட்டுப் பார்த்தால், அவருடைய பரிச்சயம் எவ்வளவு என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

மூன்றாவது சோதனைதான் எல்லாவற்றிலும் பெரியது. அவர் நீதிமன்றத்தில் எந்தக் கேள்வியை எழுப்புவார்? இரக்கம் காட்டச் சொல்லிக் கெஞ்சுவாரா, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பாரா?

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடம். சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்த சுரேந்திர மோகனுக்கு 70 சதவீதப் பார்வைக் குறைபாடு. பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு மட்டுமே வாய்ப்பு என்று விதித்திருந்தார்கள். அந்த வரம்பு சரிதான் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த இரண்டாண்டில், 2021 பிப்ரவரி 11 அன்று, விகாஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு குரலில் பேசியது. அவருக்குக் கை எழுதாத குறைபாடு; மத்தியத் தேர்வாணையம் எழுதும் உதவியாளரை மறுத்திருந்தது. நியாயமான வசதி செய்துதருவது சமத்துவத்தின் உள்ளேயே அடங்கியது என்று விளக்கிய நீதிமன்றம், சுரேந்திர மோகன் தீர்ப்பு அந்தக் கோட்பாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை, 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது முன்னுதாரணமாகாது என்று சொன்னது. பிறகு, பார்வையற்ற தேர்வர் ஒருவரின் தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் தீர்ப்பளித்தார்கள். பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் நீதிபதிப் பணிக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தில் அவர்களைத் தடுத்த விதி செல்லாது என்றார்கள்.

ஆறே ஆண்டில் இப்படித் தலைகீழாக மாறியதற்குக் காரணம் நீதிபதிகளின் மனம் இளகியது அல்ல. "இவரால் பார்க்க முடியுமா?" என்று இருந்த கேள்வி, "இவர் வேலை செய்ய என்ன வசதி தேவை, அதை ஏன் செய்யவில்லை?" என்று மாறியதுதான். டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் காது கேளாதோரின் ஓட்டுநர் உரிமம் பற்றித் தீர்ப்பளித்தபோதும் இதுவே நடந்தது. காது கேட்காது என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாது, ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற்றால் உரிமம் தர வேண்டும் என்று அது சொன்னது. காது கேளாதோரின் தேசியச் சங்கம் தொடுத்த வழக்கு அது. இன்றும் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த் தரப்பு தூக்கிக் காட்டினால், 2021ஐயும் 2025ஐயும் எடுத்து வைக்கத் தெரிந்த வக்கீல் வேண்டும். தெரியாதவர் அங்கேயே வாயடைத்து நிற்பார்.

அப்படியானால் மாற்றுத் திறனாளி வக்கீலைத்தான் தேட வேண்டுமா? அப்படியும் ஒரு நெடிய மரபு இருக்கிறது. தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்து, 1993இல் குடிமைப் பணித் தேர்வை பிரெயிலிலோ உதவியாளரைக் கொண்டோ எழுதும் உரிமையைப் பெற்றது. அதே அமைப்பின் வழக்கில், பார்வையற்ற மூத்த வழக்கறிஞரான எஸ்.கே. ருங்டா வாதாடினார். இட ஒதுக்கீட்டை மொத்தக் காலியிடங்களைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று 2013 அக்டோபரில் தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. அதுவரை மாற்றுத் திறனாளிகளுக்குப் பொருத்தமானவை என்று அரசு தானே பட்டியலிட்ட பதவிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, இடங்களைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தானே மனுதாரரான வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று, இணையச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கு என்ற நிபந்தனைக்கு மாற்று வழி வந்தாக வேண்டியதாயிற்று.

ஆனாலும் பார்வையற்றவருக்குப் பார்வையற்ற வக்கீல்தான் பொருத்தம் என்பது ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலாகிவிடும். சாரா சன்னிக்காக அன்று குரல் கொடுத்த சஞ்சிதா அயின் காது கேட்பவர்தான். அனுபவம் உதவும், அக்கறையும் உழைப்பும் இருந்தால் மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

எங்கே தேடுவது? ஒவ்வொரு தீர்ப்பிலும் இரு தரப்பிலும் ஆஜரான வழக்கறிஞர்களின் பெயர்கள் அச்சாகியிருக்கும். தன் மாநில உயர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடி, வென்ற வழக்குகளில் யார் ஆஜரானார்கள் என்று குறித்துக்கொண்டால் அதைவிட நல்ல பட்டியல் கிடையாது. பார்வையற்றோர், காது கேளாதோர் சங்கங்களுக்கும் யாரிடம் போய்ப் பட்டுத் திரும்பினோம் என்பது தெரியும். மனித உரிமைச் சட்ட வலையமைப்பு போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இத்தகைய வழக்குகளை நடத்திவருகின்றன.

பணம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவிலேயே, மாற்றுத் திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதன் அலுவலகம் இருக்கிறது; 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். காது கேளாதவர் எண்ணைச் சுழற்றி என்ன செய்வார் என்று கேட்டால், அந்தக் கேள்வியும் நியாயமானதுதான். அவர் நேரில் போய் எழுத்தில் கொடுப்பதே உத்தமம். இலவசமாகக் கிடைக்கும் வக்கீல் சரியாக அமையாவிட்டால், மாற்றித் தரும்படி அதே அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம். காசு கொடுத்து வைத்த வக்கீலையும் மாற்றலாம். வக்காலத்து என்பது தாலி அல்ல.

வக்கீல் அறைக்குப் போகும் முன் கட்சிக்காரர் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும். தர மாட்டார்கள் என்றால், என்ன நடந்தது என்று தானே ஒரு கடிதம் எழுதி அனுப்பி, அனுப்பியதற்குச் சான்று வைத்துக்கொள்ள வேண்டும். அரசு அலுவலகம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் காரணம் கேட்கலாம். மாற்றுத் திறனாளி அடையாள அட்டை, சான்றிதழ், தேதி வாரியாக நடந்தவற்றின் குறிப்பு ஆகியவை கையில் இருந்தால் முதல் சந்திப்பு பாதி சுலபம்.

எல்லாம் பேசி முடித்த பிறகு நல்ல வக்கீல் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது: "உங்களுக்கு என்ன கிடைக்கணும்?" போன வேலையா, நஷ்ட ஈடா, மன்னிப்பா, அடுத்து வருபவருக்காவது விதி மாறினால் போதுமா? இந்தப் பதிலைப் பொறுத்து வழக்கின் போக்கே மாறும். எதிர்த் தரப்பு சமரசத்துக்கு வரும் நாளில், கூட வந்த உறவினர் "பணத்தை வாங்கிட்டு முடிச்சுக்குங்க" என்று சொல்லக்கூடும். அந்த நேரத்தில் சம்மதம் கேட்க வேண்டியது யாரிடம் என்பது அந்த முதல் நாள் சந்திப்பிலேயே முடிவாகியிருக்கும்.

ஆகவே வக்கீலைத் தேடிப் போகும் காது கேளாதவரும் பார்வையற்றவரும் அவருடைய பெயர்ப் பலகையில் உள்ள பட்டங்களை எண்ண வேண்டியதில்லை. கூட வந்தவரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கிப் பார்க்கலாம். பேச்சு தொடர்ந்தால் அவர் தேடிய ஆள் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். வக்கீலின் கண் கதவுப் பக்கம் போனால், எழுந்து அடுத்த மாடிக்குப் போவதுதான் நல்லது.